செயலாளரின் போனோகிராஃப்

மாட்டுங்காவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், மஞ்சள் விரிப்பின்மேல் வைத்திருந்த அந்த போனோகிராஃப் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பளபளக்கும் மரப்பெட்டி, அதன்மேல் விரிந்த பூவைப் போல ஒரு பித்தளைக் குழல். கிராமபோனுக்கு முந்தைய கருவி அது. அதில் தட்டு சுழலாது. டம்ளர் அளவுள்ள மெழுகு உருளை சுழன்று, இரண்டு நிமிடம் பாடிவிட்டு ஓய்ந்துவிடும். சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மதினி மட்டும் தரையில் மண்டிபோட்டு, பெட்டியை லேசாகத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

மதினி என் மூத்த அண்ணனின் மனைவி. சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் பார்த்த கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது போலும். தாராவியில் ஒரு பங்கார் கடையில், உருக்கப் போகவிருந்த பழைய இரும்புக் குவியலுக்குள் அவளுக்கு முதல் போனோகிராஃப் கிடைத்தது. கடைக்காரர் அதைக் கொத்துக்கறி மிஷின் என்று சொல்லி விற்றார். மதினியும் அப்படித்தான் நம்பி வாங்கினாள். என்னவென்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பெயர் பெற்ற கம்பெனிகளின் கருவிகள் அவளுக்கு வேண்டாம். யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்று எவருக்கும் தெரியாதவைதான் வேண்டும். ஒற்றை அறை வீட்டின் பரண் நிறைந்து, கட்டிலடி நிறைந்து, அண்ணனின் செருப்பும் ஷூவும் வாசலுக்குப் போயின. “பேரப் பொறிச்சு யாரு வேணாலும் ஒட்டிரலாம்ளா. ஸ்குரூவப் பாரு, மரத்த மோந்து பாரு” என்பாள். சாப்பாட்டு டப்பாவோடு ஒரு பூதக்கண்ணாடியும் அவள் பையில் எப்போதும் இருக்கும்.

அந்த மாட்டுங்கா வீட்டுக்காரர் பழைய இசைக்கருவி சேகரிப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் சிறு வட்டத்தின் செயலாளர். கப்பல் கம்பெனி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாராவியிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன தெரியும் என்று சிலர் முனகியபோது, தன் பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் வேலை என்பதால் நர்ஸ் என்றே நினைத்து, கடைசிவரை ‘சிஸ்டர்’ என்று அழைத்தார். மதினியும் திருத்தவில்லை. அந்த போனோகிராஃப்தான் அவருடைய பெருமை. அடுத்த வாரம் சயானில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு, நகரத்தின் மிகப் பழைய பேசும் இயந்திரம் என்ற அட்டையோடு போகவிருந்தது.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது மதினி விஷயத்தைச் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது. நமக்கு எதற்கு இந்த வேலை, அவர் சந்தோஷமாக இருக்கட்டுமே என்றேன். “காலேஜ்ல வச்சு எவனாவது கண்டுபிடிச்சுச் சொன்னா, அந்த மனுசன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பாரு?” என்று திரும்பவும் மேலே ஏறினாள். செயலாளர் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், அடியில இருக்கது ஸ்டார் ஸ்குரூ, தலையில கூட்டல் குறி போட்டது. இந்த மிஷின் செஞ்ச காலத்துல அப்படி ஒண்ணு உலகத்துலயே கெடையாது.”

“ரிப்பேர் பண்றச்சே யாராவது மாத்தியிருப்பா.”

“ஒண்ணு ரெண்டுன்னா அப்படிச் சொல்லலாம் சார். எல்லாமே அதுதான். மரத்துல பாலிஷ் வாசமே இன்னும் போவல. புதுசா சேத்து வச்சது.”

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். “நேரமாயிடுத்து சிஸ்டர். நீங்க கெளம்புங்கோ” என்றார். குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கண்காட்சிக்கு அந்தக் கருவி போகவில்லை என்று கேள்விப்பட்டோம். அடுத்த நான்கு மாதக் கூட்டங்களுக்கு மதினிக்கு அழைப்பும் வரவில்லை. ஞாயிறு ஜெபம் முடிந்து வந்ததும் ஏதாவது ஓர் உருளையை ஓடவிடும் வழக்கத்தை அவள் விட்டுவிட்டாள். சொன்னது சரிதான், ஆனால் இன்னும் பதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. டாக்ஸிக்காரன் சந்துக்குள் வரமாட்டேன் என்கிறான், தொண்ணூறடி ரோட்டில் நிற்கிறேன் என்றார் செயலாளர். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, பின்சீட்டில் படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு கருவியைக் குழந்தையைப் போல மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். “ஆத்துல இன்னும் ஆறு இருக்கு. எல்லாத்தையும் பாத்துச் சொல்லிடுங்கோ சிஸ்டர். இதுல எது நிஜம்னு தெரியாம என்னால தூங்க முடியலை” என்றார். மதினி விரிப்போடு அதை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று வந்தது. கட்டிலில் அவர், தரையில் மதினி, நடுவே கழற்றிப் போட்ட சக்கரங்கள். அவற்றில் மூன்று, பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒட்டியவை. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பெருமூச்சு விட்டு, இன்னொரு டீ கேட்பார். கடைசியாக வந்தது, வேறு எதையோ வாங்கியபோது இனாமாகத் தலையில் கட்டிய, பெயரே இல்லாத ஒரு குட்டிக் கருவி. அதை மதினி இரண்டு வாரம் வைத்திருந்தாள். உருளை மாட்டும் தண்டின் உட்புறத்தில், துருவுக்கு அடியில், தேய்ந்துபோன ஒரு முத்திரையைக் கண்டுபிடித்தாள். நாலைந்து வருஷத்திலேயே மூடிப்போன ஒரு சிறு பட்டறை செய்தது. அந்த வகை நம் ஊரில் இருப்பதாகவே யாரும் கேள்விப்பட்டதில்லை. அவள் அதைச் சொன்னபோது அவர் மூன்று முறை திருப்பிக் கேட்டார். பிறகு இருவரும் எதற்கென்று தெரியாமல் வெகுநேரம் சிரித்தார்கள்.

மறு வருஷக் கண்காட்சியில் அவர் அந்தப் பளபளப்பான போலியையே முன்னால் வைத்தார். அடிப்பக்கத்துத் திருகுகள் தெரிய, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. “இது நிஜம்னு நம்பி ஏமாந்தவன் நான். கண்டுபிடிச்சவா அதோ நிக்கறா” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிள்ளைகள் ஸ்டார் ஸ்குரூவைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அருகே வைத்த அந்த அரிய குட்டிக் கருவியின் பக்கம் ஆளே இல்லை என்று மதினி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

இப்போது மதினி தாராவியை விட்டு நெருளில் குடியிருக்கிறாள். போன மாதம் நான் போனபோது வாசலில் செயலாளரின் செருப்பு கிடந்தது. உள்ளே, மேஜை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு ஒரு புதிய வரவு. அதற்குக் கீழே, நரைத்த தலைகள் இரண்டும் ஒட்டினாற்போல, இருவரும் தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள். என்னை வா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. “டார்ச்சக் கொஞ்சம் புடிளா” என்றாள் மதினி. பையை ஓரமாக வைத்துவிட்டு நானும் படுத்தேன்.