பாலைவனத்துக்கு உம் கொட்டியவன்

நான் பாலைவனத்தைக் கண்டதில்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியில் மூன்று வருடம், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் ஒரு நிலவறை அலுவலகத்தில் இருந்துகொண்டு வெள்ளைக்காரர்களைப் பாலைவனத்துக்கு அனுப்பி வைத்தவன் நான்தான். சினாய்ப் பாலைவனத்தில் பத்து நாள். வழிகாட்டியோடு ஜீப்பிலும் ஒட்டகத்திலும் பயணம், இரவில் கூடாரம் அல்லது வெறும் மணல், இடையிடையே தண்ணீர் அறுத்துப்போட்ட மலைப் பிளவுகளுக்குள் இறங்கி நடப்பது. இதற்குப் பெயர் சஃபாரி. அதுவரை சஃபாரி என்றால் நம்மூர் அரசாங்க உத்தியோகத்தர்கள் கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வருகிற அரைக்கைக் கோட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலாளி ஒரு ஆங்கிலேயர். இளமையில் லொறி ஓட்டிப் பாலைவனம் கடந்தவர். அதை ஒரு நாளாவது சொல்லாமல் விட்டதில்லை. அலுவலகத்தில் அவரும் நானும் மட்டும்தான். நேர்முகத்தில் அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். டைப் அடிக்கத் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். வெயில் பழக்கமா என்றார், பழக்கம் என்றேன். அதோடு வேலை கிடைத்துவிட்டது. மண்ணிறத் தோல் உள்ள எவனும் பாதி ஒட்டகக்காரன் என்பது அவர் கணக்கு. பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து கண் குழி விழுந்திருந்த நான் அந்தக் கணக்கைத் திருத்தப் போகவில்லை.

என் வேலை விளம்பரப் புத்தகத்தைத் தபாலில் அனுப்புவது, பயணிகள் கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலை டைப் அடிப்பது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது. பட்டியலில் ஸ்லீப்பிங் பேக், டார்ச், தொப்பி எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு சின்ன மண்வெட்டியும் ஒரு தீப்பெட்டியும் இருக்கும். அது எதற்கு என்று நேரே கேட்க ஆங்கிலேயருக்கு வாய் வராது. ‘அங்கே வசதிகள் எப்படி?’ என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். எந்தப் பாறைக்குப் பின்னாலும் போகலாம், குழி தோண்டுங்கள், தாளைக் கொளுத்துங்கள், மண்ணால் மூடுங்கள் என்று நான் மரியாதையான ஆங்கிலத்தில் விளக்குவேன். காசு கட்டி வெளிக்குப் போகிற சனத்தை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

அப்போது நாங்கள் லண்டனின் கிழக்குப் பக்கம் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தோம். மூன்று அறை வீடு. நானும் மனைவியும் ஒரு அறையில், அவளுடைய தமையன் குடும்பம் இன்னொன்றில், மூன்றாவதில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி அந்தந்த மாதம் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள். ஒரு நாள் விளம்பரப் புத்தகம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மணலில் பதினைந்து பேர் வரிசையாகப் படுத்திருக்கிற படத்தை மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

“இவையளின்ரை வீடுகளுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை, விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். கட்டிலை வீட்டில் விட்டுவிட்டு நிலத்தில் படுப்பதுதான் விடுமுறையென்றால், எங்கள் மூன்றாவது அறையில் இருப்பவர்கள் வருடம் முழுக்க விடுமுறையில் இருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். மலைப் பிளவைப் பற்றியும் கேட்டாள். தண்ணீர் ஓடி அறுத்தது என்றேன். இப்போதும் ஓடுகிறதா என்றாள். இல்லை என்றேன். பிறகு என்னத்தைப் பார்ப்பது என்றாள். அதற்கு முதலாளி மூன்று பக்கம் எழுதியிருந்தார், நானே டைப் அடித்தது, ஆனால் அதில் ஒரு வரியைக்கூட அவளுக்குச் சொல்ல எனக்கு முகம் வரவில்லை.

இனி, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற ‘ஓம்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடைய ஓமில் பல வகை உண்டு. சம்மதம் என்கிற ஓம் ஒன்று. ‘கட்டாயம் வரவேணும்’ என்று அழைப்பவருக்கு, வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே சொல்கிற ஓம் ஓம் ஒன்று. எல்லாவற்றிலும் மலிந்தது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓம். கதைக்கு உம் கொட்டுவது என்பார்களே, அதுதான். தொலைபேசியில் ஒருவர் பேசும்போது மூச்சுக்கு ஒரு ஓம் போடாவிட்டால் எங்கள் ஆட்கள் பதறிப்போய், ‘லைனில நிக்கிறியளோ?’ என்று கேட்பார்கள். லண்டனுக்கு வந்து நான் ஆங்கிலம் பேசப் பழகியபோது சொற்களை மாற்றினேன், பழக்கத்தை மாற்றவில்லை. ஓம் இருந்த இடத்தில் எல்லாம் ‘எஸ்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

லண்டனின் தென்புறம் மோர்டனில் தனியாக இருந்த ஒரு அம்மா, ஒரு வருடம் வசந்தத் தொடக்கத்தில் அடிக்கடி அலுவலகத்துக்குப் போன் எடுப்பார். வயது எழுபத்து மூன்று. இடுப்பு எலும்பில் அறுவை செய்திருந்தது. கணவர் முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். அந்த மனிதர் முப்பத்தொரு கோடைகாலம் மனைவியை ஒரே கடற்கரைக்கு, ஒரே வாடகை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவராம். வேறிடத்துத் தேநீர் வயிற்றுக்கு ஒத்துவராதாம். இப்போது மகள், வீட்டை விற்றுவிட்டு அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று நின்றாள். கால் தளர்ந்துவிட்டது, ஞாபகமும் தளர்கிறது என்பது மகளின் கட்சி. “பாலைவனத்துக்குப் போய்விட்டு என் காலால் நடந்து திரும்பி வந்தால் அவள் அந்தப் பேச்சை விட்டுவிடுவாள்,” என்று அந்த அம்மா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். அதற்காகப் புதுச் சப்பாத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படியில் ஒரு நாளைக்கு இருபது தரம் ஏறி இறங்குகிறாராம்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. ஆகையால் மற்றவர்களைவிட அவருக்கு அதிகமாக உம் கொட்டினேன். அவர் கேள்வியையும் கதைபோலத்தான் சொல்வார். முகாமில் சாய்ந்து உட்கார ஒரு மடக்குக் கதிரை இருக்கும், இல்லையா. எஸ். பிளவுக்குள் இறங்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டிருப்பார்கள்தானே. எஸ், எஸ். என்னைப்போல் இடுப்புக்காரர்கள் முன்பும் போயிருப்பார்கள். எஸ். நான் அந்த நேரம் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்திருப்பேன். மேலே சொல்லுங்கள் அம்மா, காது இங்கேதான் இருக்கிறது என்பதைத் தவிர அந்த எஸ்களுக்கு வேறு பொருள் கிடையாது. அவர் மறுமுனையில் ஒரு கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் நேரே சரி போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஏப்ரலில் அந்த அம்மா சினாய்க்குப் போனார். மூன்றாம் நாள் நடந்ததை வழிகாட்டி போனில் முதலாளிக்குச் சொல்லி, முதலாளி எனக்குச் சொன்னார். பிளவுக்குள் ஓரிடத்தில் பெரிய பாறை ஒன்று விழுந்து வழியை அடைத்திருக்கிறது. அதன் கீழே உள்ள ஓட்டைக்குள் நுழைந்து, ஓர் ஆள் உயரம் சறுக்கி இறங்க வேண்டும். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் மேலே நின்று பாறையைத் தடவிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று வழிகாட்டி கேட்டதற்கு, கம்பி என்றார். இங்கே கம்பி ஏது என்றார் அந்த மனிதர். இருக்கிறது, லண்டனில் சொன்னார்கள் என்று அம்மா விடவில்லை. கால் மணி நேரம் தேடியிருக்கிறார். பிறகு வழிகாட்டி கீழே நின்று தோளைக் கொடுக்க, அதில் கால் வைத்து இறங்கும்போது வழுக்கிக் கணுக்கால் முறிந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு நாள் வீணாகிவிட்டது என்று முறைப்பாடு. அந்தக் கூட்டத்தில் வந்த ஒரு ஆசிரியை விமான நிலையத்தில் மகளிடம், ‘உங்கள் அம்மா மலைக்குள் கைபிடிக் கம்பி தேடினார்’ என்று கரிசனையோடு சொல்லிவிட்டாராம்.

மகளிடமிருந்து கடிதம் வந்தது. சுருக்கமான கடிதம். கம்பி இருப்பதாக உங்கள் அலுவலகம் என் தாயிடம் சொன்னதா? சொன்னதென்றால் என் வழக்கறிஞர் உங்களோடு பேசுவார். சொல்லவில்லையென்றால் அதை எழுத்தில் தாருங்கள், தாயின் டொக்டருக்குக் காட்ட வேண்டும்.

முதலாளி கடிதத்தை என் முன்னால் போட்டு, சொன்னாயா என்று கேட்டார். நான் ஓமைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். எங்கள் பாஷையில் ஒருவர் பேசும்போது, என்று ஆரம்பித்து இரண்டு வசனம் போவதற்குள் அவர் “எஸ், எஸ், எஸ்” என்று கையை ஆட்டினார். நிறுத்து என்பது அதன் பொருள். அவர்களிடமும் எஸ்ஸில் வகைகள் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். எங்கள் ஊழியர் அப்படி ஒரு உறுதியை ஒருபோதும் அளித்திருக்க மாட்டார், தங்கள் தாயார் தவறாக நினைவில் வைத்திருக்கிறார் என்று வருந்துகிறோம். போனில் பேசியவன் நான் என்பதால் கையெழுத்தும் நானே போட வேண்டும் என்றார். போட்டேன்.

அந்தக் கடிதம் அந்த அம்மாவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். ஆனால் மனைவிக்கு ஏழு மாதம். விசா வருடா வருடம் நீட்டிக்கொண்டிருந்தது. வேலையை விட்டால் திரும்பவும் பெட்ரோல் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுதான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன்.

“நீங்கள் பொய் சொல்லேல்லைத்தானே,” என்றாள். “கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்.”

வெள்ளத்தில் போகிறவனுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் அப்டன் பார்க்கில் ஏறி ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கும்வரை தினமும் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் எடுத்தார். முதலாளி வெளியே போயிருந்தார். கால் இன்னும் கட்டுப் போட்டபடி என்றார். பிறகு, நான் கேட்காமலே, அந்தப் பிளவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்ததால் மல்லாந்து கிடந்து மேலே பார்க்க முடிந்ததாம். நடந்தவர்கள் எல்லோரும் காலடியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்களாம். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பாறை அடுக்கடுக்காகப் போய், உச்சியில் ஒரு நாடா அகலத்துக்கு வானம் தெரிந்ததாம். முப்பத்தொரு வருடக் கடற்கரையை அந்த அரை மணி நேரத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். முதலாளியின் மூன்று பக்கத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. எனக்கு முதன்முறையாக அங்கே போக வேண்டும்போல் இருந்தது.

பிறகு குரல் மாறியது. “உங்கள் கடிதத்தை மகள் டொக்டருக்கு வாசித்துக் காட்டினாள். நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கம்பி என்று எழுதி, சரி போட்டிருக்கிறேன். நீங்கள் எஸ் சொன்னீர்களா, இல்லை, நான் கற்பனை செய்தேனா? அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.”

நீங்கள் கற்பனை செய்யவில்லை, நான் எஸ் சொன்னேன் என்றேன். எங்கள் ஓமைப் பற்றியும், அது வாயிலிருந்து வருவதே தவிர தலையிலிருந்து வருவதில்லை என்பதையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். ஒரு எஸ்கூடப் போடாமல் கேட்டார், ஆங்கிலேயர் அப்படித்தான் கேட்பார்கள். லைனில் இருக்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அப்படியென்றால் என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது,” என்றார் கடைசியில். “இப்போது சொன்னதை டொக்டருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால் நம்புவார்கள். வீடு இன்னும் விற்கவில்லை.”

எஸ், எஸ் என்றேன்.

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். அன்று மாலையே தாளை எடுத்து வைத்தேன். எனது முந்தைய கடிதத்தில், என்று தொடங்கினேன். முந்தைய கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து, இது போனால் வழக்கறிஞர் வருவார், முதலாளி என்னைக் காட்டிக் கொடுப்பார் என்று எண்ணம் ஓடியது. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். பிறகு பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் எதற்கும் நேரம் இல்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொள்கிற சாட்டு. அந்த அம்மா ஒரு முறை போன் எடுத்ததாக முதலாளி சொன்னார். நான் இல்லை என்று சொல்லச் சொல்லி நான்தான் கேட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், பிள்ளையைத் தாலாட்டலாம் என்பதையும் அந்தக் கோடையில் கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு ஜனவரியும் பழைய பயணிகள் எல்லோருக்கும் புது விளம்பரப் புத்தகம் அனுப்புவோம். அதற்காக ஒரு பெட்டி நிறைய முகவரி அட்டைகள் என்னிடம் இருந்தன. அந்த டிசம்பரில் அந்த அம்மாவின் கையெழுத்தில் ஒரு தபாலட்டை வந்தது. முகவரி மாறிவிட்டது, புத்தகத்தைத் தொடர்ந்து அனுப்பவும் என்று மட்டும் இருந்தது. கீழே ஒரு முதியோர் இல்லத்தின் பெயர். நான் பெட்டியிலிருந்து அவருடைய அட்டையை எடுத்து, மோர்டன் வீட்டு முகவரியை வெட்டிவிட்டு, புதிய முகவரியைத் தெளிவாக எழுதி வைத்தேன். அந்த அம்மாவுக்காக நான் எழுதியது அது ஒன்றுதான்.