நாய்க்குப் போட்ட மொட்டை

எங்கள் வீட்டில் நாய்க்கு மொட்டை போட்டார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். சிரித்தவர்களிடம் மேற்கொண்டு சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அது ஹஸ்கி, பனி பெய்கிற ஊர்களுக்கான ஜாதி. என் கணவர் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறார். வெளிநாட்டுக்குக் குடிபோன அதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற நாயை, பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரி காரின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். நீலக் கண். தெருவே வந்து பார்த்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமை அவருக்கு, பாடு எனக்கு என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

உப்பளக் காற்று வீசுகிற தூத்துக்குடியில் அந்த நாயை உயிரோடு சித்திரை தாண்டவைக்க வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அதற்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் இலவம்பஞ்சு மாதிரி மெத்தென்று இன்னொன்று. வெயில் ஏறினால் அடிமுடி தானாக உதிரும். உதிர்ந்தது மேல்முடிக்குள் சிக்கிக்கொண்டால் தோலுக்குக் காற்றுப் போகாது. அதனால் தினமும் சீவி எடுத்துவிட வேண்டும். மேல்முடியில் மட்டும் கத்திரி படக்கூடாது, வெயில் தோலில் இறங்காமல் காப்பது அதுதான். குளிப்பாட்டினால் அடிவரை உலர்த்த வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் நின்றால் புண் வந்துவிடும்.

பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் பின்பக்கம் உட்கார்ந்து சீவுவேன். முடி கொத்துக் கொத்தாக வரும். புடவையில் ஒட்டும், தோசைமாவில் விழும். கணவர் தட்டிலிருந்து ஓர் இழையை எடுத்துத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டுவார். சீப்பை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. வெயில் வருமுன் நடத்திக் கூட்டிப்போய் வருவேன். கோடை லீவு விட்டதும் மத்தியானத்திலும் கூடவே இருந்து தரையை நனைத்து, ஃபேனைப் போட்டு, வயிற்றிலும் பாதத்திலும் ஈரத்துணி வைக்க வேண்டும். போன வருடச் சித்திரையை அது அப்படித்தான் தாண்டியது.

இந்த வருடச் சித்திரையில் எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை போட்டுவிட்டார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. அந்தச் சமயம் பார்த்து என் கணவர் திருச்செந்தூர் போய் முடி இறக்கிவிட்டு வந்தார். பழைய நேர்ச்சை ஒன்று பாக்கியிருந்ததாம். தலை முழுக்கச் சந்தனத்தோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏளா, தலை என்னமா குளுந்து கெடக்கு தெரியுமா. இத்தன நாளு சும்மா இந்த முடியச் சொமந்துக்கிட்டு அலைஞ்சிருக்கேன்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் கேட்டைத் திறந்தபோது வேறு யாருடைய நாயோ உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன். பாதியாகச் சிறுத்து, ரோஸ் நிறத் தோலோடு நின்றது. சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்து ஜீரோ மிஷின் போட்டிருக்கிறார். வாலைக்கூட விட்டுவைக்கவில்லை. முதுகிலும் தலையிலும் சந்தனம் அப்பியிருந்தது. நாய் உடம்பைச் சிலுப்பும்போதெல்லாம் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“என்ன பண்ணி வச்சிருக்கீய?”

“நான் மட்டும் குளுமையா இருந்தாப் போதுமா? அதுவும் ஒரு உயிருதான” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. உண்மையான பாசத்தில்தான் செய்திருந்தார். வேண்டுமென்றே செய்தவரைத் திட்டலாம், பாசத்தில் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். மேல்முடி எதற்கு, அடிமுடி எதற்கு என்று வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“கம்பளியப் போத்திக்கிட்டு நீ வெயில்ல நிப்பியா? மனுசனுக்கு ஒண்ணு, நாய்க்கு ஒண்ணா?” என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “இப்பந்தான் டீச்சர் நாயி மாதிரி இருக்கு. முன்ன கரடில்லா நின்னுச்சு” என்றார். ஆண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சந்தனத்தைக் கழுவிவிட்டேன். என் பழைய பருத்தி நைட்டி ஒன்றை வெட்டி அதற்குச் சட்டை தைத்துப் போட்டேன். முடி வளர மாதக்கணக்காகும், அதுவரை பகலில் வாசலுக்கு விடாதீர்கள் என்று கணவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். தாள் திருத்தும்போதும் எனக்கு நினைப்பெல்லாம் வீட்டில்தான்.

அந்த வாரக் கடைசியில் அவருக்கு விடுமுறை, எனக்கு இல்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கார் வரைக்கும்கூட அதை நடக்கவிடமாட்டார். இப்போதுதான் முடியே இல்லையே என்கிற தைரியம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நான் தைத்த சட்டையையும் கழற்றிவிட்டிருக்கிறார். கொதிக்கிற மணலில் கொஞ்ச தூரம் அவரோடு ஓடியிருக்கிறது. பிறகு கால் பின்னிக்கொண்டு விழுந்திருக்கிறது.

ஃபோன் வந்து நான் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது அதற்கு மூச்சு இருந்தது. மேசையில் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதுகுத் தோல் கன்றிச் சிவந்து, சில இடங்களில் கொப்புளித்திருந்தது. பக்கத்தில் போய்க் காதைத் தொட்டேன். அந்த மொட்டை வால் ஒருதடவை அசைந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

“முடி இருந்திருந்தாப் பிழைச்சிருக்குமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“அப்படி உறுதியாச் சொல்ல முடியாது டீச்சர். ஆனா முடி இருந்திருந்தா சார் இந்த வெயில்ல கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாரு.”

கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மொட்டைத் தலை வெயிலில் கறுத்திருந்தது. அவர் அழுகையும் பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் தோன்றவில்லை. அவர்மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. சாப்பாடு போடுகிறேன், சட்டை தேய்த்து வைக்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அவருக்கு இப்போது தலை நிறைய முடி. வீட்டுக்கு வருகிறவர்கள் நாய் எங்கே என்று விசாரித்தால், நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அடுப்படியில் நின்றாலும் அவர் பேச்சு காதில் விழத்தான் செய்கிறது. குரல் கம்ம, மனம் நொந்து, ஒவ்வொருவரிடமும் ஒன்றையேதான் சொல்கிறார்:

“தப்பு எங்க மேலதான். மொட்டை போடப் பிந்திட்டோம். பங்குனியிலேயே போட்டிருக்கணும்.”