சங்கு ஊதிய மத்தியானம்

கதவுக்குத் தாழ் போடும் சத்தம் எனக்கு இன்றும் ஆகாது. மரத் தாழ்ப்பாளோ இரும்புத் தாழ்ப்பாளோ, பக்கத்து வீட்டில் டக்கென்று விழுந்தால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிடுவேன். "யாரும் வரல, உள்ள வந்து உக்காருங்க அத்தே" என்பாள் மருமகள். அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். திருத்தணியில் நான் வாழ்க்கைப்பட்ட தெருவில், ஒரு கோடை மத்தியானம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டதை நடுத்தெருவில் நின்று பார்த்தவள் நான். அந்தத் தெருவின் கடைசி வீட்டு அக்காவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் தாழ்ப்பாள் முந்திக்கொண்டது.

அவளைத் தெருவில் எல்லாரும் கோடி வீட்டுக்காரி என்பார்கள். எனக்கு அக்கா. என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். கனகம்மாசத்திரத்திலிருந்து நான் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது, மாமியார் வீட்டில் வாய் திறக்கவே பயந்துகொண்டிருந்த என்னைக் கிணற்றடியில் வைத்துச் சிரிக்க வைத்தவள் அவள்தான். "இன்னா சத்திரத்துப் பொண்ணே, குடம் ரொம்பிடுச்சி, இன்னும் இஸ்துகினே இருக்கறே?" என்பாள். பெரிய சிரிப்பு அவளுக்கு. மலைப்படி ஏறுகிறவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வீட்டுக்காரர் கூலி வேலை. ஏர் ஓட்டுவது, வரப்பு வெட்டுவது, கல் சுமப்பது, எது கிடைத்தாலும் போவார். வேலை தூரத்தில் இருந்தால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பேச்சே கிடையாது. அவர் பங்குக்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே காலியான வருஷம் அது. ரயிலிலும் மாட்டுவண்டியிலும் சட்டி முட்டியோடு ஜனங்கள் வந்து இறங்கினார்கள். முருகன் காப்பாற்றுவான் என்று சிலர், மலை மறைத்துக்கொள்ளும் என்று சிலர். எங்கள் தெருவிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலையாக அங்கேயே தங்கிவிட, அந்த அம்மாள் மட்டும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளை மெட்ராஸ்காரம்மா என்றே கூப்பிட்டோம். முன்பின் தெரியாத முகங்கள் தெருவில் நடமாட ஆரம்பித்ததும், அதுவரை பகலெல்லாம் கதவைத் திறந்து போட்டிருந்த எங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது. காவடிக்காரன் போல வருகிறான், உண்மையில் காவடிக்காரன்தானா? வளையல்காரி ஏன் மூன்றாவது வீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தாள்? பொழுது சாயும் நேரத்தில் கிணற்றடிப் புங்க மரத்தின் கீழே தெரு கூடிவிடும். என் மாமனாரைத் தெருவே நைனா என்றுதான் கூப்பிடும். அவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். தெருமுனை இருட்டாக இருக்கிறது, கிணற்றுப் படி உடைந்திருக்கிறது, குரங்குகள் தொல்லை தாங்கவில்லை என்று ஆரம்பிக்கிற பேச்சு, திருடனில் போய் நிற்கும்.

அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலை காணாமல் போனது. மாமியார் கிணற்றடியில் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வந்தார், திரும்பிப் போனால் இல்லை. மாமியாரின் தாய்வீட்டுச் சீர் அது. அவர் அழுத அழுகையில் தெருவே திரண்டுவிட்டது. அன்று சாயங்காலம் கோடி வீட்டுக்காரர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்தார்களாம். பார்த்தது யார் என்று கேட்டால் சொன்னவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். யாரோ சொன்னாங்க. அவ்வளவுதான். மறுநாளைக்குள் அது பார்த்ததாகவும், அதற்கு மறுநாள் எடுத்ததாகவும் ஆகிவிட்டது. மாமியார் வாசலில் நின்று, "இருட்டுல வர்றவனுக்கு இன்னா தெரியும், நம்ம பொருளு அவன் பொருளுன்னு" என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். பொதுவாகச் சொன்னால் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும்.

ஆண்கள் தடியெடுத்துக்கொண்டு முறை வைத்துத் தெருவைச் சுற்றி வருவது என்று முடிவானபோது, கோடி வீட்டுக்காரரும் புங்க மரத்தடிக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நானும் ஒரு மொறை சுத்தறேங்க நைனா" என்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நைனா, "நீ வேலை செஞ்சி அலுத்து வர்றே, தூங்குப்பா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. கோடி வீட்டுக்காரர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவரை வேலைக்குக் கூப்பிடுவது மெல்ல நின்றது. 'அடுத்த வாரம் பாக்கலாம்' என்று எங்கள் வீட்டிலேயே சொல்லியனுப்பினார்கள். மணவூர் ரயிலடிப் பக்கம் கல் ஏற்றுகிற வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கிளம்புகிற அன்று அக்கா சிரிக்கவில்லை. "அவரு எடுக்கலடி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

வெயில் ஏறியது, கிணறு வற்றியது, தூர் வார ஆட்கள் இறங்கினார்கள். சேற்றோடு தவலை மேலே வந்தது. குரங்கு தள்ளியதோ, கயிறு இழுத்ததோ, யாருக்குத் தெரியும்? மாமியார் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பழையபடி அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டார். "மணவூருக்கு ஆள் போனா சொல்லி அனுப்பலாம் அத்தே" என்றேன். "வரும்போது சொல்லிக்கலாம், இப்ப இன்னா அவசரம்?" என்றார். தெருவுக்கே அதுதான் எண்ணம். வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குள் எங்களுக்கு ஜப்பான்காரன் கவலை பெரிதாகிவிட்டது. மெட்ராஸ்காரம்மா ஒருநாள் கூட்டத்தில், "எங்க ஊர்ல ஏரோப்ளேன் வந்தா சங்கு ஊதுவாங்க, சங்கு ஊதினா ஒருத்தர் வெளியில நிக்கக்கூடாது" என்றாள். அவள் சொன்னது மில்லில் அலறுகிற மெஷின் சங்கு. எங்களுக்குத் தெரிந்த சங்கு ஒன்று கோயிலில் இருந்தது, இன்னொன்று பிணத்துக்கு முன்னால் போவது. "யார் வூட்டு எழவுக்குடி சங்கு ஊதச் சொல்றே?" என்று மாமியார் சண்டைக்கே போய்விட்டார். பெரிய பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊரில் சாவுக்குச் சங்கு ஊதுகிற தாதரைக் கூப்பிட்டு, சாவு என்றால் சங்கோடு சேகண்டியும் அடிக்க வேண்டும், ஆபத்து என்றால் வெறும் சங்கு மட்டும் ஊத வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். மணி ஓசை இல்லாத சங்கு கேட்டால் அடுப்பை அணைத்து, கதவைத் தாழிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். ஒருநாள் ஒத்திகையும் பார்த்தோம். படுத்த இடத்தில் நைனாவுக்குக் குறட்டையே வந்துவிட்டது என்று பெண்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். எல்லாம் சரியாக யோசித்துத்தான் செய்தோம். வெளியூர்த் தாதர் ஒருவர் எங்கள் தெருவுக்குள் வருவார் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அன்று நான் தெருமுனையில் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். எனக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி திரும்பியது. வண்டிக்கு முன்னே நடந்த ஆள் நின்று, சங்கை வாயில் வைத்து நீளமாக ஊதினார். மணவூர்த் தாதர் அவர். அவர்கள் பக்கத்து வழக்கப்படி தெருவுக்குள் நுழையும்போது சங்கு மட்டும், சேகண்டியெல்லாம் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான். வண்டியில் வைக்கோல் மேல் கோடி வீட்டுக்காரர் கிடந்தார். காய்ச்சலில் போய்விட்டாராம். தலைமாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சங்குச் சத்தத்துக்கு யாரெல்லாம் வெளியே வருகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

முதல் கதவு அடைபட்டது. அடுத்தது. எதிர்ச்சாரியில் ஒன்று. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியதை நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். வண்டி நகர நகர அதற்கு முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டே போயின. அவள் இல்லாதபோது செய்த ஏற்பாடு அது, அவளுக்கு என்ன தெரியும்? புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு நான் ஓடினேன். "சாவு! சாவு! நம்ம கோடி வூட்டு மாமா!" என்று கத்தினேன். காதில் பஞ்சோடு உள்ளே கிடந்தவர்களுக்கு நான் ஏரோப்ளேனைக் கண்டு அலறுவதாகத்தான் பட்டிருக்கிறது. நான் கத்தக் கத்த உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கதவைக் கையால் குத்தினேன். "தொறக்காதே, அவ வெளிய மாட்டிகினா" என்று மாமியார் அழுவது உள்ளிருந்து கேட்டது. வண்டி என்னைத் தாண்டிப் போனது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

சேகண்டி அடிக்கத் தொடங்கிய பிறகும் வெகுநேரம் கழித்து மெட்ராஸ்காரம்மாதான் முதலில் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்தார்கள். கோடி வீட்டின் முன்னால் ஆளாளுக்கு, ஏரோப்ளேன் சங்கென்று நினைத்துவிட்டோம், வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆங்" என்றாள். நைனாவே பாடைக்குத் தோள் கொடுத்தார். மெட்ராஸ்காரம்மா அன்று மாலை என்னிடம், "நான் வாயை வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்" என்று சொல்லி அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் மனம் ஆறாமல் தவித்தது வேறொன்றுக்காக. கதவை மூடியது தெரியாமல் நடந்தது, சரி. தெரிந்தே செய்தவற்றை இந்தச் சங்கின் மேல் சேர்த்து ஏற்றிவிட்டு எல்லாரும் நிம்மதியாகப் போகப் போகிறார்களே என்றுதான்.

இப்போது நான் மகனோடு இருக்கும் தெருவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் போடுகிறார்கள். விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை, புது ஆட்கள் நடமாட்டம் என்று அதே பேச்சுதான். போன மாதம் சைக்கிள் ஒன்று காணாமல் போக, யாரோ இஸ்திரிக்காரரைச் சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். கிழவிக்கு எதற்கு இந்த வம்பு என்பதுபோலப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கேட்காமல் வீட்டுக்குத் திரும்பினால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கோடி வீட்டுக்காரரின் கருமாதிக்குத் தெரு மொத்தமும் போனது. அரிசியும் காய்கறியும் எங்கள் வீட்டிலிருந்து போயின. வீட்டுக்குள் இடம் போதாமல் ஆட்கள் கொல்லை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. சோறு எடுத்து வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அக்கா எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"தவலை கெடச்சிடுச்சாமே" என்றாள்.

நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க யாரும் அவனைச் சொல்லலம்மா. யாரோ சொன்னாங்க" என்றார்.

"எடுத்தாருன்னு சொல்ல யாரோ இருந்தாங்க இல்ல? எடுக்கலன்னு சொல்லவும் யாராவது இருக்கணும் இல்ல?" அவள் குரல் உயரவில்லை. "சோறு அப்பால. மொதல்ல சொல்லுங்க. உள்ள குந்திகினு வாணாம். தெருவுல நின்னு சொல்லுங்க."

இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. யார் எழுந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தோம். என் மாமியார்தான் எழுந்தார். முழங்கால் வலிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அக்காவைத் தாண்டி வெளியே போனார். நானும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன். நடுத்தெருவில் நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவன் எடுக்கல" என்றார் மாமியார். "என் தவலை கெணத்துல கெடந்துது. அவன் எடுக்கல."

தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்தே கிடந்தன. ஆனால் எந்த வீட்டிலும் கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. எல்லாரும் இங்கே உள்ளே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுகளைக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு அத்தே" என்றாள்.