கோலப்பொடிக் கூடையில் வந்த பிள்ளையார்

முப்பிடாதியம்மாளிடம் கோலப்பொடி வாங்கியவர்கள் யாரும் அளவு குறைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. படியைத் தலைதட்டி அளக்கிற ஆள் இல்லை அவள். கூம்பாகக் குவித்து, அதற்கு மேல் இன்னொரு கைப்பிடி போட்டு, "கோலத்தப் பெருசாப் போடுங்க மாமி, சாமி வார வழில்லா" என்பாள். காலையில் பம்பாய்த் தாராவியிலிருந்து கூடையைத் தலையில் ஏற்றினால், மாட்டுங்கா போய்ச் சேர்வதற்குள் நாலு பேரோடு சண்டை போட்டிருப்பாள். கைவண்டிக்காரன், பால்காரன், காரணமே இல்லாமல் சிரித்தவன், யாரையும் விடமாட்டாள். வாய் அப்படி. மனசு? சும்மா சொல்லக்கூடாது, மனசு அவள் அளக்கும் படியைப் போலத்தான்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்து, மூன்றே வருஷத்தில் கண்ணை மூடிவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. ஊருக்கே போய்விடு என்று புத்தி சொன்னவர்களிடம், "அங்க போயி என் தம்பி பொண்டாட்டிக்கு ஏனம் கழுவவா?" என்று கேட்டாள். பம்பாயில் அறையைக் கோலி என்பார்கள். பத்துக்குப் பத்து கோலி ஒன்றில் தனியாக இருந்து பிழைத்தும் காட்டினாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் அவள் இருந்த சந்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பிள்ளையாருக்கு ஒரு மேடை கட்டினார்கள். ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் வானமாமலை, விக்ரோலியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மேடைக்குச் சிமெண்ட் பூசியாயிற்று, தகரக் கூரை போட்டாயிற்று. பிள்ளையார் எங்கே? காசு கொடுத்து வாங்கினால் சக்தி இருக்காது, பிள்ளையாரைத் திருடிக் கொண்டுவந்து வைத்தால்தான் விசேஷம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஆம்பிளைகள் ஒரு மாதம் உட்கார்ந்து பேசினார்கள். செம்பூரில் ஒன்று இருக்கிறது என்றான் ஒருவன், அங்கே நாய் இருக்கிறது என்றான் இன்னொருவன். போலீஸ் என்ற சொல் வந்ததும் கூட்டமே கலைந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம் முப்பிடாதி கூடையை மேடையருகே இறக்கி, மிச்சமிருந்த கோலப்பொடிக்குள் கையை விட்டு, ஒரு சாண் உயரக் கருங்கல் பிள்ளையாரை வெளியே எடுத்தாள். தும்பிக்கை முதல் தொந்தி வரை வெள்ளை வெளேரென்று இருந்தார் மனிதர். "நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் கூட்டியாந்துட்டேன்" என்றாள். சந்தே குலவையிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் தேங்காய் மூடி முப்பிடாதிக்குத்தான். தலைவருக்கே இரண்டாவது மூடிதான். எந்த இடத்தில் எடுத்தாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாலு வருஷம் போயிற்று. அறுபத்தாறில் அரிசிக்குப் பம்பாயே பறந்தது. ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்குகிற அரிசியிலும் வாராவாரம் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து, சதுர்த்திக் கொழுக்கட்டைக்காகச் சாக்கில் சேர்த்தார்கள். சாக்கு இருந்தது முப்பிடாதியின் கோலியில். பிள்ளையாரையே கொண்டுவந்தவளிடம் இருப்பதுதானே பொருத்தம்!

பக்கத்துக் கோலியில் பார்வதி இருந்தாள். சங்கத்துக்குச் சொந்தமான கோலி அது. அவள் புருஷன் ஆடி மாசம் ஒருநாள் வேலைக்கென்று கிளம்பியவன் திரும்பவில்லை. போனவன் சும்மா போனானா, ரேஷன் கார்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான், படுபாவி. கார்டு இல்லாதவளுக்குக் கடையில் அரிசி இல்லை. வெளியே கறுப்பில் விற்கிற அரிசியை விலை கேட்கவே அவளால் முடியாது. மூன்று வயசுப் பெண் குழந்தை காய்ச்சலில் கிடந்தது.

சதுர்த்திக்குப் பத்து நாள் இருக்கும்போது, முப்பிடாதி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீடு திரும்பினாள். உள்ளே பார்வதி. சாக்கு அவிழ்ந்திருந்தது. முந்தானையில் இரண்டு பிடி அரிசி. கையும் களவுமாக நின்றவள், "அக்கா, புள்ளைக்குக் கஞ்சிக்கி..." என்று ஆரம்பித்தாள். முப்பிடாதியின் வாயைப் பற்றித்தான் சொன்னேனே, அன்றைக்கும் மனசுக்கு முன்னால் அதுதான் முந்தியது. "ஏ, ஓடியாங்க! கள்ளி! சாமி அரிசியிலே கை வச்சிட்டாளே!"

சந்து முழுக்கக் கூடிவிட்டது. முந்தானை அரிசியை எல்லார் முன்னிலையிலும் சாக்கில் கொட்டச் சொன்னார்கள். கீழே சிந்திய நாலு மணியைக்கூடப் பொறுக்கிப் போட்டாள் பார்வதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார் வானமாமலை. பேச என்ன இருக்கிறது? சங்கத்துக் கோலியிலிருந்து வெளியேற்றுவார்கள். காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒருத்தி பம்பாயில் எங்கே போவாள்? அன்று சாயங்காலமே முப்பிடாதிக்கு உறைத்தது. கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள். "திருடி வீட்டுக்கு எதுக்குக்கா கஞ்சி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உனக்கு வேண்டாட்டிப் போவட்டும், புள்ளைக்குக் குடு ளா" என்று கெஞ்சி, சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மாட்டுங்காவில், வாடிக்கையாகக் கோலப்பொடி வாங்குகிற விசாலாக்ஷி மாமியின் காம்பவுண்டுக்குள் நுழைந்தாள். அங்கே அரசமரத்தடியில் ஒரு வெறும் பீடம் இருந்தது. மாமி தினமும் குளித்துவிட்டு வந்து அந்த வெறும் கல்லுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு செம்பருத்தி வைப்பாள். நாலு வருஷமாக முப்பிடாதி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்றைக்குத் திரும்ப முடியவில்லை.

"என்னடி முப்பிடாதி, இன்னிக்கு வாயே திறக்கலே?" என்றாள் மாமி.

கூடையை இறக்கினாள். "மாமி, அந்தப் பிள்ளையார எடுத்தவ நாந்தான்."

மாமி செம்பைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எப்படி மாமி?" என்றாள் முப்பிடாதி.

"பீடத்திலேர்ந்து கேட் வரைக்கும் கோலப்பொடி சிந்தியிருந்ததே. வேறே யார்? எங்காத்து மாமா போலீசுக்குப் போறேன்னு குதிச்சார். பொடியைப் பெருக்கித் தள்ளிட்டு, நான்தான் பேசாம இருங்கோன்னேன். போலீஸ்காரன் வந்தா உன்னை அடிப்பான். ஒரு பிள்ளையாருக்காக ஒரு பொம்மனாட்டியை அடிக்க விடறதா?" மாமி வெறும் பீடத்தைப் பார்த்தாள். "தப்பில்லேன்னு சொல்லலே. எனக்கு வலிச்சுது. என் பொண்ணு அகிலாண்டம் பாவாடை கட்டிண்ட நாள்லேர்ந்து குளிப்பாட்டின பிள்ளையார் அது. டில்லியிலேர்ந்து லெட்டருக்கு லெட்டர் கேக்கறா, பிள்ளையார் சௌக்கியமான்னு. சௌக்கியம், சௌக்கியம்னு நாலு வருஷமாப் பொய் எழுதிண்டிருக்கேன். இருந்தாலும் நான் சத்தம் போடலேடி."

நான் போட்டேனே மாமி, என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள் முப்பிடாதி. நாலு பேரை வாயாலேயே விரட்டுகிறவள் அழுவதை மாட்டுங்கா அன்றுதான் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை, மேடைக்கு முன்னால் கூட்டம். பார்வதி ஒரு ஓரமாகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வானமாமலை தொண்டையைக் கனைத்து, "கண்ணால பாத்தது முப்பிடாதி. அவ சொல்லட்டும்" என்றார்.

முப்பிடாதி எழுந்து போய்ப் பார்வதியின் பக்கத்தில் நின்றாள். "பாத்தேன். ரெண்டு பிடி அரிசி எடுத்தா. காய்ச்சக்காரப் புள்ளைக்கு எடுத்தா. அவளுக்கு என்ன தீர்ப்பு, அண்ணாச்சி?"

"கோலியக் காலி பண்ணிட்டுப் போவணும். சாமி சொத்துல்லா."

"சரி. நானும் காலி பண்ணுதேன். நானும் திருடிதான். மாட்டுங்காவுல ஒரு அம்மா பொண்ணு கொஞ்சி வளத்த பிள்ளையாரத் தூக்கிட்டு வந்தவ நான். இவ எடுத்தது பசிக்கி. நான் எடுத்தது எதுக்கு? நீங்க எல்லாரும் கைதட்டணும்னு. இவளுக்குக் கள்ளின்னு பேரு, எனக்கு மொதத் தேங்காயா? நல்லாருக்கே நியாயம்!"

"ஏ, அது சாமி காரியம். அதையும் இதையும் ஒண்ணாச் சொல்லாத" என்றார் வானமாமலை.

"புள்ள பசி எந்தக் காரியம் அண்ணாச்சி? கார்டு இருந்த மட்டும் இவளும் இந்தச் சாக்குல வாராவாரம் ஒரு பிடி போட்டவதான். யாராவது எண்ணிப் பாத்தீங்களா?" மேடையில் ஏறிவிட்டாள். பிள்ளையாரின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தாள். "திருட்டுச் சாமானத் திருப்பிக் குடுக்கணும். நாங்க மூணு பேரும் போறோம். இவரு மாட்டுங்காவுக்கு, நாங்க கால் போன பக்கம். வழிய விடுங்க."

அசைத்துப் பார்க்கிறாள், சிமெண்ட் விடவில்லை. விட்டால் பெயர்த்தே எடுத்திருப்பாள், அவளை நான் அறிவேன். வானமாமலை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. "விடு தாயீ. யாரும் போவ வேண்டாம்" என்றார். பிறகு திரும்பி, பார்வதியைப் பார்க்க முடியாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "அரிசி வேணும்னா கேளு ளா, கேளு. கேக்காம எடுக்கப்படாது" என்றார்.

"அன்னைக்கே கேட்டிருப்பேன், அண்ணாச்சி," என்றாள் பார்வதி. "யாரு வீட்டுலயும் குடுக்கதுக்கு அரிசி இல்லன்னு எனக்குத் தெரியுமே."

அந்த வருஷம் கொழுக்கட்டைக்கு மாவு இடித்தவள் பார்வதி. முணுமுணுத்தவர்களும் உண்டு. திருட்டு திருட்டுதான் என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. முப்பிடாதியும் அதைத்தான் சொன்னாள். திருட்டு திருட்டுதான், ஆனால் பசித்து எடுத்தவளை விரட்டுவதற்கு முன்னால் உன் கையை முகர்ந்து பார் என்பாள். முதல் தேங்காயை மட்டும் அதற்கப்புறம் அவள் தனக்கென்று வைத்துக்கொள்ளவே இல்லை.

சதுர்த்திக்கு மறுநாள், அந்தத் தேங்காய் மூடியையும் ஒரு தூக்குக் கொழுக்கட்டையையும் எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போனாள். விசாலாக்ஷி மாமி எல்லாம் கேட்டாள். மேடைக்குக் கூரை இருக்கிறதா, தினமும் விளக்கு உண்டா, மழைக்கு நனைகிறாரா, குளிப்பாட்டுகிறது யார் என்று ஒன்று விடாமல் கேட்டாள். கடைசியாக, பெயர்த்துக் கொண்டுவந்து தந்துவிடவா மாமி என்று முப்பிடாதி கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். அகிலா லீவுக்கு வரும்போது ஒருநாள் அழைத்துக்கொண்டு வருகிறேன், அவள் கையால் குளிப்பாட்டட்டும் என்றாள்.

பிறகு உள்ளே போய், பாதி எழுதி வைத்திருந்த இன்லண்ட் லெட்டரை எடுத்து வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத முப்பிடாதிக்காக அதைச் சத்தமாகப் படித்தாள்.

"பிள்ளையார் சௌக்கியமா இருக்கார்." படித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். "இந்தத் தடவை பொய் இல்லேடி."