மேல்வரப்பில் திறந்த கல்லறை

சுல்லேவுக்குப் பங்காளிகள் மேல் நம்பிக்கை கிடையாது. மலைக்கு அப்பால் கிழக்கே இருக்கும் கியோங்சாங் சீமையிலிருந்து சுங்ஜு மலையோரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பது வருஷம் ஓடியும், ஊர் அவளைக் 'கீழ்ச்சீமைக்காரி' என்றே சொன்னது. புருஷன் மூன்சிக் இறந்த பிறகு ஆப்பிள் தோப்பை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தாள். தோப்புக்கு மேலே இருந்தது அவனுடைய சித்தப்பா மகன் கில்மானின் நிலம்.

அந்த மழைக்காலத்தில் அவள் தோப்பின் மேல்வரப்பு சரிந்து, அடுக்கிவைத்த தட்டைக் கற்கள் வெளியே தெரிந்தன. மறுநாள் போய்ப் பார்த்தால் யாரோ பைன் கிளைகளை வெட்டிப்போட்டு மூடியிருந்தார்கள். சேற்றில் பதிந்த பூட்ஸ் தடம் நேரே கில்மான் வீட்டுக்குப் போயிற்று.

அவனுடைய தாயார் இன்றைக்கோ நாளைக்கோ என்று படுக்கையில் கிடக்கிறாள். சத்தமில்லாமல் அவள் வரப்பில் கல்லறை கட்டுகிறானோ? ஒரு பிணத்தைப் புதைத்துவிட்டால் அப்புறம் மண்ணை மீட்கமுடியுமா?

"என் வரப்புல உனக்கு என்ன தம்பி சோலி?"

"மண்ணு கரையுதேன்னு மூடினேன், அண்ணி."

"உன் வரப்பு கரைஞ்சப்ப ஒரு குச்சிகூட நீ போட்டதில்லையே."

கில்மான் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நகர அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

வந்தவள் யூன்ஹா என்ற தொல்லியல் ஆய்வாளர். சில நாள் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது இப்பக் கட்டினதில்லைம்மா. ஆயிரத்து நானூறு வருஷம் இருக்கும். உங்க கீழ்ச்சீமையில இருந்த சில்லா ராஜ்ஜியம் மலையைத் தாண்டி இந்த ஆத்தோரத்தைப் பிடிச்சப்ப, உங்க பக்கத்து ஜனங்களைக் கூட்டிவந்து குடிவச்சாங்க. உள்ள கிடந்த இந்தக் குட்டைக்கால் கிண்ணம் அப்படியே அங்கத்து வேலை. செத்தவங்களை இங்கயே புதைச்சிருக்காங்கன்னா, திரும்பிப் போற எண்ணமில்லாம தங்கிட்டாங்கன்னு அர்த்தம்."

கில்மான் சிரித்தான். "அப்பவே வந்து வளைச்சுட்டீங்களா, அண்ணி."

"அவங்க ஒழுங்கா வளைச்சிருந்தா நான் உன்கிட்ட மாரடிக்க வேண்டியதில்லையே."

"ஆனா ஒரு மூடுகல் குறையுது," என்றாள் யூன்ஹா. "ரொம்பப் பிந்தி யாரோ எடுத்திருக்காங்க."

"இவன் வீட்டுல தேடுங்க," என்றாள் சுல்லே, எல்லார் முன்னாலும்.

கில்மானின் முகம் சுண்டிப்போயிற்று. "என் வீட்டுல எதுக்கு? உங்க முற்றத்துல சோயா ஜாடி வச்சிருக்கிற மேடையைப் பாருங்க. உங்களுக்குக் கல்யாணமான புதுசுல அண்ணனும் நானும்தான் அந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்தோம். பொணத்துக் கல்லுன்னு தெரிஞ்சா புதுப்பொண்ணு அந்தப் பக்கமே போகமாட்டா, வாயைத் திறக்காதேன்னார். அதான் இப்பவும் மூடிவச்சேன்."

சோயா விழுது ஜாடிகளை அவனே ஒவ்வொன்றாக இறக்கிவைத்தான். அடியில் கிடந்த பலகைக்கல்லைப் புரட்டினார்கள். ஓரமெல்லாம் கல்லறையில் இருந்த அதே பழைய சுண்ணாம்புப் பூச்சு. அது அந்தக் கல்தான்.

சுல்லே நாற்பது வருஷமாக அந்த ஜாடிகளிலிருந்து விழுது எடுத்துத்தான் குழம்பு வைத்திருக்கிறாள். மூன்சிக் அதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் போனானோ.

அலுவலகத்தார் அளந்து முடித்து, கிண்ணங்களையும் கல்லையும் எடுத்துக்கொண்டு, குழியை மண்ணால் மூடினார்கள். தோண்டியதில் மேல்வரிசை ஆப்பிள் மரங்கள் போயின. கில்மான் ஒருநாள் புது மேடைக்கென்று வண்டியில் கற்களைக் கொண்டுவந்து இறக்கினான்.

"எங்கத்துக் கல்லு?"

"ஆத்துக் கல்லு, அண்ணி."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் வண்டி திருப்பத்தில் மறைந்ததும், கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.