போர்ஹில்டின் கல்யாண பீர்

நார்வேயின் ஹோர்னின்டால் கிராமத்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் போர்ஹில்ட். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவதை மட்டும் விடவில்லை. ஊறல் மரத்தொட்டியில் காதை வைத்துக் கேட்பாள். முதல் நாள் கொதிக்கும் கூழ்ப்பானை போலச் சத்தம். பிறகு ஓட்டின் மேல் மழை. அந்த மழை தூறலாகும்போது பீர் எடுக்கும் பக்குவம். அவள் சொன்ன நேரத்துக்கு அக்கம்பக்கமெல்லாம் கிண்ணத்தோடு வந்து நிற்கும்.

அவளுடைய அறுபதாவது வயதில் எய்லர்ட் வந்து சேர்ந்தான். மனைவியை இழந்தவன், பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊறல் சாற்றில் இனிப்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்ணாடி மிதவை ஒன்று அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஊறலைப் பற்றிச் சண்டை போட்டுச் சண்டை போட்டே இருவரும் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால், வியாழன் நண்பகலில், கல்யாண பீருக்கு ஈஸ்ட் போட்டாள். ஈஸ்ட் சோம்பிவிடாமல் இருக்க அதைப் போடும்போது ஊரே கேட்கக் கத்துவது வழக்கம். அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஊட்னி ஜன்னலைத் திறந்து, "மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நுரை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. சனிக்கிழமை காலை போர்ஹில்ட் தொட்டியில் காதை வைத்தாள். வைத்தது வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

"அடங்கிடுச்சு. எல்லாரையும் இப்பவே வரச் சொல்லிடலாம்," என்றாள்.

எய்லர்ட் ஒரு குவளைச் சாற்றை எடுத்து ஆறவைத்து மிதவையை விட்டான். "இல்லையே. ஆறு மணிக்குப் பார்த்ததுக்கு இப்ப இன்னும் ரெண்டு கோடு இறங்கியிருக்கு. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ பால்ல தண்ணி இருக்கான்னு பார்த்த ஆளு."

அவன் மிதவையைத் துடைத்து வைத்தான். "போர்ஹில்ட், நேத்து தோட்டத்துல பின்னாடி நின்னு நாலு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல."

அவள் முளைகட்டிய பார்லி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாகவே காது மந்தம். காதுக்குள் சின்ன எலும்பு ஒன்று இறுகிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"செவிட்டுக் கிழவியைக் கட்டிக்கிட்டோமேன்னு நீ நினைச்சிடுவியோன்னுதான் சொல்லல," என்றாள்.

"பாதிரியாருக்குச் சொல்லி வச்சிடறேன். சம்மதமான்னு சத்தமா கேக்கட்டும். நீ வேற எதையாச்சும் கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லிடப் போற."

போர்ஹில்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கும்போது, பணிமனை மெக்கானிக் இன்ஜின் கோளாறைக் கண்டுபிடிக்க நீளத் திருப்புளியின் ஒரு முனையை இன்ஜின்மேலும் மறு முனையைக் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைப்பது அவளுக்கு நினைவு வந்தது. சட்டென்று எழுந்தாள். சாறு துழாவும் நீளக் கட்டையைத் தொட்டியில் சாய்த்து, அதன் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மழை கேட்டது. ஓடு அதிரப் பெய்யும் நல்ல மழை.

"என்ன?" என்றான் எய்லர்ட்.

கட்டையை எடுக்க மனமில்லாமல் அவள் கையை மட்டும் ஆட்டினாள். இரண்டு வருஷத்தில் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. போன இரண்டு தடவையும் குத்துமதிப்பாகத்தான் நேரம் சொல்லியிருந்தாள். அப்போது ஊட்னி மட்டும், "தித்திக்குதே," என்று முணுமுணுத்தாள். மற்றவர்கள் மரியாதைக்குக் குடித்தார்கள்.

அன்று பகல் முழுக்க அவள் கட்டையைக் கடிப்பதும் அவன் மிதவையை விடுவதுமாகப் போனது. மூன்று மணிக்கு அவள், "தூறல்," என்றாள்.

"இன்னும் ஒரு கோடு இறங்கட்டும்."

"அந்தக் கோட்டை நீ வச்சுக்கோ. கொஞ்சம் இனிப்பு நின்னாத்தான் கல்யாண பீர்."

அவன் வாதாடாமல் குழாயைத் திறந்துவிட்டான். நாலு மணிக்குள் பதினேழு பேர் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். முதல் கிண்ணம் ஊட்னிக்கு. ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள், பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். பல் தடம் பதிந்த கட்டையைப் பார்த்து யாரோ, "இங்க எலி இருக்கா?" என்று கேட்க, எய்லர்ட், "இருக்கு, அடுத்த வாரம் அதைத்தான் கட்டிக்கப் போறேன்," என்றான்.

கல்யாணத்தன்று பாதிரியார் உண்மையிலேயே உரக்கக் கேட்டார். போர்ஹில்ட் அதைவிட உரக்கச் சம்மதம் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் பீர் தீர்ந்துபோனது. இலையுதிர் காலத்தில் அவள் காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். கட்டு பிரித்த மறுநாள் ஊட்னியிடம் அவள் சொன்ன முதல் புகார், எய்லர்ட் விடும் குறட்டையைப் பற்றியது.