ரீனஸின் இடது கால்

ரீனஸ் கோப்பெயான் பத்து வருடம் தொழில்முறைச் சைக்கிள் பந்தய வீரனாக இருந்தான். அதில் அவன் ஜெயித்தது இரண்டே பந்தயங்கள், அதுவும் செய்தித்தாளில் ஒரு வரிக்கு மேல் வராத பந்தயங்கள். அது அவனுக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை. அணியில் அவன் வேலை வேறு. பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பான். எதிர்க்காற்று அடித்தால் அணியின் நட்சத்திரத்துக்கு முன்னால் போய் அதைத் தன் நெஞ்சில் வாங்குவான். ஸேலாந்தில், கடலோர வெங்காய வயலில் வளர்ந்தவனுக்குக் காற்று பெரிய விஷயமில்லை.

இருபத்தேழு வயதில் இடது கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சும்மா ஓட்டும்போது ஒன்றுமில்லை. உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது மட்டும் தொடை கட்டையாக இறுகும், பாதம் மரத்துப்போகும். இறங்கி இரண்டு நிமிடம் நின்றால் எல்லாம் பழையபடி. ஒரே வருடத்தில் நான்கு டாக்டர்களைப் பார்த்தான். நான்கு பேரும் படுக்கவைத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், குதிரைக் கால் மாதிரி இருக்கிறதென்று முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

அணி மேலாளர் கீல் ராய்மாக்கர்ஸ் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "டேய் ரீனஸ், உன் கால்ல ஒண்ணும் இல்லடா. மண்டைதான் பஞ்சர்."

மேசையே சிரித்தது. ரீனஸும் சிரித்தான். போகப்போக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எண்பத்தொன்பது ஏப்ரலில், லிம்பர்க் குன்றுகளில் ஒரு பந்தயம். அணியின் நட்சத்திரம் பாதியிலேயே விழுந்து தோளை உடைத்துக்கொண்டான். கீலின் கார் ரீனஸின் பக்கத்தில் வந்தது.

"இன்னிக்கு யாருக்கும் தண்ணி தூக்காத. போடா, உனக்காக ஓட்டு!"

எட்டு வருடத்தில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போனான். கடைசிக் குன்றின் அடியில் முன்னால் இருந்தவர்கள் ஐந்தே பேர், அதில் அவனும் ஒருவன். மேலே கூட்டத்தில் அவன் அப்பா கொர்னேலிஸ் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தார். ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் தேவாலயத்துக்காரர்; ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்ப்பது அவருக்குப் பாவம். அன்று சனிக்கிழமை என்பதால் முதல்முறையாக வந்திருந்தார்.

பாதி ஏற்றத்தில் கால் போய்விட்டது. நான்கு முதுகுகளும் விலகி விலகிப் போவதைப் பார்த்தபடியே முஷ்டியால் தொடையைக் குத்தினான். அடி அவனுக்கு உறைக்கவில்லை.

"மிதிடா!" காரிலிருந்து கீல் கத்தினார். "எங்கடா போச்சு உன் கால்?"

"மிதிக்கிறேங்க... மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்."

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப்போனார்கள். உச்சியில் இறங்கித் தரையில் உட்கார்ந்தவனிடம் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வலிச்சா முன்னாடியே இறங்கியிருக்கலாமேப்பா?"

"வலிச்சாப் பரவால்லப்பா. அந்தக் காலே இல்லாத மாதிரி இருக்கு."

அவர் குந்தி உட்கார்ந்து அவன் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த காலை. மறுபடியும் இடது கால்.

"ஜில்லுனு கெடக்கே இது. செத்த மீனாட்டம்."

அணி டாக்டர் வந்து சேர்வதற்குள் கால் சூடாகிவிட்டது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சிரித்தார். "நல்லாத்தான இருக்கு பெரியவரே?" கொர்னேலிஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். படித்தவரோடு வாதாடி அவருக்குப் பழக்கமில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருடம் தண்ணீர் தூக்கினான். பிறகு அணி அவனை வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி வெங்காயக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அப்பா போய்ச் சேர்ந்தார்.

தொண்ணூற்றெட்டில் அவன் மனைவி கோரி ஒரு செய்தித்தாளை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதைப் படி. பேர் மட்டும்தான் வேற, மத்ததெல்லாம் நீதான்."

வேறொரு சைக்கிள் வீரனின் இதே கோளாறைக் கண்டுபிடித்ததாக அந்தச் செய்தியில் இருந்த டாக்டரிடம் போனார்கள். அவர் ரீனஸைப் படுக்கச் சொல்லவில்லை. அறையிலேயே ஒரு சைக்கிளில் குனிந்து மிதிக்கவைத்தார், கால் மரத்துப்போகும்வரை. உடனே இரண்டு கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். இடதில் வலதின் பாதிகூட இல்லை. இடுப்பிலிருந்து இறங்கும் ரத்தக்குழாய், குனியும்போது தோட்டத்துக் குழாய் போல மடிந்துகொள்கிறது என்றார்.

"இப்பவும் பந்தயம் ஓட்டறீங்களா?"

"முப்பத்தேழு ஆச்சு டாக்டர்."

"அப்ப ஆபரேஷன் வேண்டாம். நடக்க, வேலை செய்ய இந்தக் கால் தாராளமாப் போதும்."

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீல் ராய்மாக்கர்ஸுக்குப் போன் செய்தான். ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் ரீனஸ் ஒன்றுவிடாமல் சொன்னான், பிறகு காத்திருந்தான்.

"அடப்பாவி," என்றார் கீல், நிஜமான வருத்தத்தோடு. "இதை அப்பவே ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்கக் கூடாதாடா?"

அதே மூச்சில் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ரீனஸ் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தான்.

"என்ன சொன்னார்?" என்றாள் கோரி.

"உன்னை விசாரிச்சார்."